ஜெயசீலி அக்கா எழுதிய மந்திரம்

ஜெயசீலி அக்கா இறந்துவிட்டதாக அவருடைய தம்பி கடலூரிலிருந்து போன் செய்தபோது நான் நம்பவில்லை. முந்தின ஞாயிறுதான் அவர் எழுதிவந்த நாவலின் இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேசியிருந்தோம். போனை வைத்துவிட்டு அக்காவின் எண்ணுக்கே அடித்தேன். எடுத்தவரும் தம்பிதான். "நெஜமாத்தான் சார். மாரடைப்பு," என்று அழுதார்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அக்கா நர்ஸ். சுனாமி நாட்களில் வார்டில் பார்த்தவற்றுக்குப் பிறகுதான் எழுதத் தொடங்கினார். தமிழாசிரியனான நான் அவருடைய மாயாஜால நாவலுக்கு மெய்ப்புப் பார்த்தேன். அதில் வரும் வைத்தியக்காரி, நோயாளியின் கையைப் பிடித்து மந்திரம் சொல்வாள்; அவருடைய வலி இவளுக்கு வந்துவிடும். "மந்திரந்தானக்கா, வலி சும்மா மறஞ்சி போனா என்ன?" என்று கேட்டேன். அக்கா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "வார்டுல நீ ஒரு நாள்கூட நின்னதில்ல போல. வலி எங்கியாவது போய்த்தான் ஆவணும்."

புத்தகம் வந்த பிறகு ஒரு நாள் அவரைப் பார்க்க வார்டுக்குப் போயிருந்தேன். கிள்ளையிலிருந்து வந்த ராஜாங்கம் என்ற டிராக்டர் ஓட்டுநருக்குக் காலில் சர்க்கரைப் புண். இரண்டு விரல்களை எடுக்காவிட்டால் காலே போய்விடும் என்று டாக்டர் சொல்லியும் அவர் ஒப்பவில்லை. மகள் படித்துக் காட்டிய அக்காவின் நாவல் தலையணை அருகில் கிடந்தது.

"மந்திரம் ஒங்ககிட்ட இருக்குது. எனக்குச் சொல்ல மாட்டேன்றீங்க," என்றார் அக்காவிடம்.

"அது கதைண்ணே."

"நீங்க எழுதுனத நீங்களே நம்பலியா?"

அக்கா அவர் காலில் நெகிழ்ந்திருந்த கட்டைத் திரும்பச் சுற்றினார். பிறகு, "இருக்குது. ஆனா கத்தி வச்ச கால்லதான் பலிக்கும்," என்றார்.

மகளை ஒருமுறை பார்த்துவிட்டு ராஜாங்கம் அறுவைக்குச் சம்மதித்தார். விரல்கள் போயின, கால் தப்பியது.

அவர் சம்மதித்த அன்றே வராந்தாவில் அக்காவிடம் கோபித்துக்கொண்டேன். "நோயாளிகிட்ட பொய் சொல்லலாமாக்கா?"

"பொய்யின்னு ஒனக்கு எப்டித் தெரியும்?"

அறுவை முடிந்த சில நாளில் கீழவீதியில் அக்காவைப் பார்த்தேன். இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். ராஜாங்கத்துக்கும் இடது கால்தான். என்னவென்று கேட்டேன். "புதுச் செருப்பு கடிக்குது," என்றார். குனிந்து பார்த்தேன். தேய்ந்துபோன பழைய செருப்பு.

கடலூரில் அடக்கத்துக்கு ராஜாங்கமும் வந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் என்னை ஓரமாக அழைத்தார். "மயக்க ஊசி போடறதுக்கு முன்ன கையப் புடிச்சிகினு என்னமோ சொன்னாங்க சார். காதுல விழல. ஒங்ககிட்டயாவது சொன்னாங்களா?"

"இல்லீங்க," என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நாவலில் ஓரிடத்திலும் அக்கா அந்த மந்திரத்தை எழுதவில்லை.

இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய கைராசியும் கண்டிப்பும் நினைவிருக்கும். எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு சந்தேகம். எதையும் இரண்டாம் முறை சரிபார்ப்பது என் பழக்கம். இதை மட்டும் சரிபார்க்காமலே வைத்துக்கொள்கிறேன்.