முகம் ஒட்டப் போன சூசை அண்ணன்

அன்று காலை கடைக்குள் நுழைந்ததும் நான் முதலில் கவனித்தது, முதலாளி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைத்தான். அவர் கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டார். அன்று மவுஸைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் படங்கள் இருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து இடம் விட்டார்.

"சூசை நேத்து சாயந்திரம் போயிட்டாரும்மா. சாரத்துலேருந்து விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அவரு போட்டோ நல்லதா ஒண்ணு எடு."

நான் உட்கார்ந்தேன். நாற்காலி சூடாக இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அதற்குள் முதலாளி அடுத்ததைச் சொல்லிவிட்டார். கண்ணீர் அஞ்சலி ஒன்று போட வேண்டும், ஸ்ரீரங்கத்து வட்டச் செயலாளர் சொல்லியிருக்கிறார், பெயருக்கு மேலே 'கட்சியின் அயராத தொண்டர்' என்று வர வேண்டும் என்றார்.

மரியசூசை அண்ணன் எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். அவரோடு ஒரு டீ குடித்தவர்களுக்குக்கூட இது தெரியும். தெரியாதவர்கள் அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்து வேறு மாதிரி நினைத்திருப்பார்கள்.

எங்கள் கடை அரியமங்கலத்தில், பட்டறைகள் இருக்கும் பக்கம் இருக்கிறது. ஃப்ளெக்ஸ் அடிப்பதுதான் தொழில். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் வரும். ஆனால் கடை நடப்பது கட்சிகளால்தான். அண்ணன்தான் மிஷின் ஓட்டுவார், அவரேதான் கொண்டுபோய்க் கட்டுவார். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், என் படிப்பு பத்தாவதோடு நின்ற வருஷம் நான் அங்கே சேர்ந்தேன். போட்டோவில் ஆளைச் சுற்றியிருப்பதை நீக்கி, முகத்தை மட்டும் எடுத்து வைப்பது என் வேலை.

எனக்குப் பேச வராது. முதல் நாள் யார் என்ன கேட்டாலும் தலையைத்தான் ஆட்டினேன். முதலாளி இது ஊமையா என்று கேட்டுவிட்டார். அண்ணன் மிஷின் பக்கமிருந்தே, "பேசாட்டிப் பரவால்ல பாப்பா. இங்க பேசுறதுக்குத்தான் நான் இருக்கேன்" என்றார். அதன்பிறகு அவர் பேசினார். மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே, காலையிலிருந்து சாயந்திரம் வரை, இந்த மாநிலத்தை ஆண்டவர்கள், ஆள்கிறவர்கள், ஆளப் போவதாகச் சொல்கிறவர்கள் எல்லோரையும் பற்றிப் பேசினார்.

கட்சி ஃப்ளெக்ஸில் முகங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. மேலே பெரிய தலைவர்கள் வட்டம் வட்டமாக இருப்பார்கள். பக்கத்தில் மாவட்டச் செயலாளர் நிற்பார்; கடையில் அவரை வெறும் மாவட்டம் என்போம். அவருக்குக் கீழே, அவரைவிடக் கொஞ்சம் சின்னதாக, செலவு செய்கிற வட்டச் செயலாளர், அதாவது வட்டம். அடியில் தபால்தலை அளவில் மற்றவர்கள். இதில் ஒருவர் முகம் விரல் அகலம் கூடினாலும் குறைந்தாலும் கடைக்குச் சண்டை வரும். அண்ணன் சொல்வார்: "பேப்பர் படிக்கவே வேணாம் பாப்பா. யாரு தலை பெருசாவுது, யாரு தலை சின்னதாவுதுன்னு பாத்தாப் போதும். அடுத்த மந்திரி யாருன்னு நமக்குத்தான் முதல்ல தெரியும்."

அப்படிச் சொன்னாரே தவிர, அவருக்கும் தெரிந்ததில்லை. அவருடைய தேர்தல் கணிப்பு எதுவும் பலித்து நான் பார்க்கவில்லை. இவர் ஜெயிப்பார் என்று சொன்னால், டீக்கடைக்காரர் அடுத்தவர் பெயரைச் சொல்லிப் பந்தயம் கட்டுவார். எண்ணிக்கை முடிந்த மறுநாள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மிஷினைத் துடைப்பார். மத்தியானம் மறுபடி ஆரம்பித்துவிடுவார்.

புதிதாகக் கட்சி தொடங்கியவர்களின் ஆட்கள் முதல் தடவை எங்கள் கடைக்கு வந்தபோது, மற்றவர்களைவிடப் பெரிய ஃப்ளெக்ஸ், தலைவர் முகமும் மற்றவர்களைவிடப் பெரிதாக வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் போனதும், "மாத்தம் மாத்தம்னு சொல்றாங்க, அளவு மட்டும் பழசையே கேக்குறாங்க" என்றார். இல்லாதவர்களுக்குக் கொடுப்பதை இலவசம் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலையில் சாப்பாடு போடுவதை ஒரு வாடிக்கையாளர் கேலி செய்தார் என்று, அவர் கொடுத்த வேலையை அரை நாள் மிஷினில் ஏற்றாமல் வைத்திருந்தார். "வெறும் வயித்தோட பிரேயர்ல நின்னவனுக்குத்தான் அது தெரியும்" என்று மட்டும் சொன்னார். முதலாளி கத்தின பிறகுதான் ஏற்றினார். கோபக்காரர். பழைய இரண்டு கடைகளில் வாயாலேயே வேலையை இழந்தவர் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கடையில் நடக்கும் கோளாறுகளுக்குக் குறைவில்லை. ஒரு கவுன்சிலர் தன்னைச் சிவப்பாக்கச் சொன்னார், ஆக்கினோம். இன்னும் என்றார், இன்னும் ஆக்கினோம். கட்டிய பிறகு அவருடைய சொந்தத் தெருவிலேயே இது யார் என்று கேட்டார்களாம். இன்னொரு தடவை முதலாளி அவசரப்படுத்தியதில், ஒரு பழைய சாவு ஃப்ளெக்ஸின் டிசைன் மேலேயே பிறந்தநாள் வாழ்த்தைப் போட்டுவிட்டோம். மேலே 'பல்லாண்டு வாழ்க'. அடியில் 'பிரிவால் வாடும் வட்ட நிர்வாகிகள்' என்ற பழைய வரி அப்படியே நின்றுவிட்டது. விடிந்து பார்த்தால் பேருந்து நிறுத்தத்தில் கூட்டம். பிறந்தநாள்காரர் கடைக்கு வந்து ஆடித் தீர்த்துவிட்டுப் போனார். முதலாளி வியர்த்து நின்றார். அண்ணன் மெதுவாக, "எழுத்துல தப்பு இல்லங்க. தேதியிலதான் கொஞ்சம் முந்திட்டோம்" என்றார். அன்றைக்குத்தான் நான் கடையில் முதல் தடவை சத்தமாகச் சிரித்தேன்.

எனக்குப் பதினெட்டு முடிந்ததும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தாயா என்று தினமும் கேட்டார். நான் தலையை ஆட்டினால் விடமாட்டார். "எல்லாரையும் திட்டுறமே, அதுக்கு ஒரு அருகதை வேணும்ல? போய் நின்னு ஓட்டுப் போட்டுட்டு வந்து திட்டணும்" என்றார். அவர் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. யாருக்குப் போட்டார் என்று யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் மனைவி பிலோமினா அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. அது ஒன்றில்தான் அவர் வாயைத் திறக்கமாட்டார்.

கடைசி நாளுக்கு வருகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கூட்டத்துக்காக, ஆற்றுப் பாலம் தாண்டிப் போகிற சாலையில் வட்டச் செயலாளரின் பெரிய ஃப்ளெக்ஸை அண்ணன் முந்தின நாளே சாரம் போட்டுக் கட்டிவிட்டு வந்திருந்தார். அதில் வட்டம் தன் முகத்தைத் தாராளமாக வைக்கச் சொல்லியிருந்தார். மறுநாள் காலைக் கூட்டத்துக்கு மாவட்டமே வருகிறார் என்று அன்று மத்தியானத்துக்கு மேல்தான் அவருக்குத் தெரிந்தது. மாவட்டத்தின் முகம் தன்னுடையதைவிடச் சின்னதாக இருக்கிறதே என்ற பயம் வந்துவிட்டது. முழு ஃப்ளெக்ஸையும் இறக்கி மாற்ற நேரமில்லை. இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. முகத்தை மட்டும் பெரிதாகத் தனியே அடித்து, மேலே ஏறி, பழைய முகத்தின் மேல் ஒட்டிவிடுவது.

முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது. அண்ணன், ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது, காலையில் காற்று அடங்கியிருக்கும், அப்போது ஒட்டித் தருகிறேன் என்றார். காலையில் மாவட்டம் வந்துவிடுவார் என்று அந்தப் பக்கமிருந்து குரல் ஏறியது. முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டு, "கடையை மூடச் சொல்றியா சூசை? போயிட்டு வந்துடு" என்றார். இடுப்பில் மாட்டும் பெல்ட் வாங்கித் தருவதாக முதலாளி சொல்லி ரொம்ப நாளாகிறது. அண்ணன் வெறும் கயிற்றைத்தான் தோளில் போட்டுக்கொண்டார்.

முகத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மிஷினிலிருந்து ஆள் உயரத்துக்கு அது வெளியே வந்தது. அண்ணன் அதைத் தரையில் விரித்து ஒரு நிமிஷம் பார்த்தார். "இது பெருசானா யாரு வீட்டுல விளக்கு எரியப் போவுதோ" என்றார். சுருட்டி வண்டியில் கட்டிக்கொண்டு போனார். பாதி ஒட்டியிருந்தபோது காற்று அந்த முகத்தைத் தூக்கி அவரோடு சேர்த்து இழுத்துவிட்டது என்று, அந்தச் சாலையில் கடை வைத்திருப்பவர் மறுநாள் காலை எங்களிடம் வந்து சொன்னார். முதலாளி அவரைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்.

அந்தத் 'தொண்டர்' வரியை நான் அடிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. கை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். முதலாளி வேறொரு கடையிலிருந்து ஆள் வரவழைத்து அடிக்கவைத்தார். அடித்தவரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. கட்சி மேல் இருந்த பாசத்தில் சூசை தானாகவே போய் ஏறினார், கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஸ்டேஷனிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றார். அப்போதுதான் அந்த வரி எதற்கு என்று எனக்குப் புரிந்தது. வேலைக்குப் போய் விழுந்தவர் என்றால் கடை பதில் சொல்ல வேண்டும். தொண்டர் என்றால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் மிஷினைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் கோடு கோடாக விழும். அதைத் தினமும் செய்த அண்ணன் இப்போது இல்லை. வந்தவருக்கு எங்கள் மிஷின் பழக்கமில்லை. அண்ணனுடைய நெற்றியிலும் கன்னத்திலும் வெள்ளைக் கோடுகள் விழுந்த ஃப்ளெக்ஸ்தான் வந்தது. நேரமில்லை என்று அதையே கட்டினார்கள். வட்டச் செயலாளரின் முகம் அடியில், அண்ணன் முகத்தைவிடப் பெரிதாக, கோடு இல்லாமல் வந்திருந்தது.

மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் கட்சிக் கொடி போர்த்தியிருந்தது. அதனால் அவருடைய முகமும் பாதமும் மட்டும்தான் தெரிந்தன. வட்டச் செயலாளர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எங்கள் சூசை, எங்கள் சூசை என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளியும் பக்கத்தில் இருந்தார்.

நான் பிலோமினா அக்கா அருகில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் அழுது ஓய்ந்திருந்தார்கள். கொடியையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், என் பக்கம் திரும்பாமல், மெதுவாகக் கேட்டார்கள்.

"பாப்பா, இவரு எப்ப கட்சியில சேந்தாரு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

இத்தனை வருஷம் கூட இருந்தவரைப் பற்றி அந்த ஒரு நாளில் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் எந்தக் கேள்வியும் என்னை அப்படிச் சுட்டதில்லை.

"சேரலக்கா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "சேரலக்கா. அவரு காலையில போறேன்னாரு. முதலாளிதான் அனுப்பினாரு. வேலைக்குத்தான் போனாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அக்கா எழுந்தார்கள். கொடியைப் பெட்டியிலிருந்து எடுத்து, சேலையை மடிப்பதுபோல நான்காக மடித்தார்கள். வாசலுக்குப் போய் வட்டச் செயலாளரின் மடியில் வைத்து, "இது உங்களோடதுங்க. இவரு எங்களவரு" என்றார்கள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் அதை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முதலாளி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

சாயந்திரம் கல்லறையில் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். என் முறை வந்தபோது, அண்ணே, இனிமேல் யாரும் உங்களை ஏறச் சொல்லமாட்டார்கள், இறங்கிப் படுங்கள் என்று மனதுக்குள் சொன்னேன். வெளியே வரும்போது அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"எங்கிட்ட சொன்னதை ஸ்டேஷன்ல வந்து சொல்லுவியா? உன் வேலை போயிடும் பாப்பா. யோசிச்சுச் சொல்லு."

நான் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று அவர்களுக்குப் புரிந்திருக்காது.

மறுநாள் காலை நான் கடைக்குப் போகவில்லை. அக்காவோடு பஸ் ஏறி ஸ்ரீரங்கத்தில் இறங்கி, காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டையாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து என்ன என்று கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன்.