‘போட்டுடு’ என்று சொன்னவர்

1. டிவியில் வந்த குரல்

வக்கீல் நாகரத்னா காலேஜில் என் அறைக்கு வந்த அன்று மாணவர்களுக்கு இன்டர்னல் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். கூடவே கலைவாணி என்ற பெண்ணும் வந்திருந்தார். நாகரத்னாவின் தாய்மொழி கன்னடம். ஆனால் என்னோடு எப்போதும் தமிழில்தான் பேசுவார்.

“மேடம், பீன்யா கேஸ் டிவில பாத்திருப்பீங்க. அந்த ஷிஃப்ட் இன்சார்ஜ் துரைராஜோட வொய்ஃப் இவங்க.”

பார்த்திருந்தேன். பெங்களூரில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். பீன்யாவில் வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனி. அங்கே மஞ்சுநாத் என்ற ஆபரேட்டர் இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து நடந்து போகும்போது, பைக்கில் வந்த இருவர் அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். தலையில் பலத்த காயம். அதற்குச் சில நாள் முன்பு லீவு விஷயமாக அவருக்கும் துரைராஜுக்கும் வாய்த்தகராறு. துரைராஜுக்குக் கீழே வேலை பார்த்த சூப்பர்வைசர் பாபுவின் போனில், பேசுவதெல்லாம் தானாக ரெக்கார்ட் ஆகும். தாக்குதல் நடந்த அன்று காலை துரைராஜ் அவரிடம் பேசிய ஒரு வாக்கியம் அதில் இருந்தது.

“மஞ்சுநாத இன்னிக்கு போட்டுடு. பாத்துக்கலாம்.”

அது எப்படியோ ஒரு சேனலுக்குப் போய்விட்டது. கீழே கன்னடத்தில் சிவப்பு எழுத்தில் ‘இன்று தீர்த்துக் கட்டு, வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற பொருளில் ஓடவிட்டார்கள். கேஸ் ஃபைலில் இருந்த மொழிபெயர்ப்பும் ‘முகிஸிபிடு’, அதாவது ‘முடித்துவிடு’ என்றே சொன்னது. துரைராஜ், பாபு இருவரும் ஜெயிலில்.

“ஷிஃப்ட்ல போடச் சொன்னேன்னு அவர் சொல்றார். மாட்டிக்கிட்டப்புறம் எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்கன்னு போலீஸ் சொல்றாங்க” என்றார் நாகரத்னா.

நான் கலைவாணி பக்கம் திரும்பினேன். “உங்களுக்கு அதக் கேட்டா எப்படித் தோணுது?” என்று கேட்டேன். அவர் தலை குனிந்துகொண்டார்.

“பொய் சொல்ல மாட்டேன் மேடம். பதினாறு வருசமா அவரோட குடும்பம் நடத்தறேன். ஒரு கோழிய அறுக்கக்கூட கை நடுங்கும் அவருக்கு. ஆனா டிவில பாத்ததுலேர்ந்து, எனக்கே அது அப்படித்தான் காதுல விழுது.”

சொல்லிவிட்டு அழுதார். அவர் கடைசியாகச் சொன்ன அந்த வாக்கியத்துக்காகத்தான், ரெக்கார்டிங்கை ஆராய்ந்து ரிப்போர்ட் தரும் இந்த வேலையை ஒத்துக்கொண்டேன்.

2. காதை நம்பாத வேலை

சட்டம், செய்தி, விளம்பரம், மிரட்டல் போன் என்று எங்கெல்லாம் ஒரு சொல்லால் மனிதர்களுக்கு ஏதாவது நடக்கிறதோ, அங்கெல்லாம் அந்தச் சொல்லை எடுத்துப் பார்ப்பது மொழியியலில் எங்கள் துறை. இதற்கு வருகிற இளைஞர்களிடம் முதலில் நான் சொல்வது, உங்கள் தாய்மொழியாகவே இருந்தாலும் உங்கள் காதை நம்பாதீர்கள் என்பதுதான். நானும் அந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தவள். கலைவாணிக்கு எப்படி விழுந்ததோ, எனக்கும் அப்படியே விழுந்தது.

கோர்ட் மூலமாக அந்தப் போனில் இருந்த எல்லா ரெக்கார்டிங்கும் கிடைத்தன. அந்தப் போன் பேச்சை முழுதாகக் கேட்டேன். அந்த வாக்கியத்துக்கு முன்னால் பாபு ஏதோ கேட்கிறார். பின்னால் பிரஸ் மெஷின் போடும் சத்தத்தில் அது அமுங்கிவிட்டது. ‘செகண்டுக்கு’ என்று ஒரு சொல் இருப்பதுபோல் இருந்தது. நாகரத்னா துள்ளினார்.

“செகண்ட் ஷிஃப்ட்! எழுதிடுங்க மேடம்.”

“‘இருக்கலாம், உறுதியில்ல’ன்னுதான் எழுதுவேன். எனக்கு அது அப்படி இருக்கணும்னு ஆசை வந்திருச்சு. அதனாலயே அத நம்ப முடியாது.”

அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் மற்ற ரெக்கார்டிங்குகள் இருந்தன. ‘குமார லேத்துல போட்டுடு.’ ‘புதுசா வந்த ரெண்டு பேரையும் பேக்கிங்ல போட்டுடு.’ பல இடத்தில் லேத், பேக்கிங் எதுவுமே இல்லாமல், ‘சரி, அவனப் போட்டுடு’ மட்டும். இருவருக்கும் இடம் தெரிந்திருந்தால் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். தமிழில் எல்லோரும் செய்வதுதான். அந்தப் போனில் துரைராஜ் ‘போட்டுடு’ என்றது எல்லாம் ஆளை வேலைக்கு அமர்த்துவது பற்றித்தான்.

அடுத்து, டிவியில் அந்தச் செய்தியைப் பார்க்காத தமிழர்களைத் தேடினோம். ஜோகுபாளையத்தில் ஒரு டியூஷன் சென்டரிலும், தமிழ்நாட்டு எல்லையோரம் அத்திபெலேயில் ஒரு மண்டியிலும் உட்கார்ந்து, மஞ்சுநாத்தின் பெயரை மறைத்துவிட்டு அந்த ஒலியைக் கேட்கவைத்தோம். ஒரு குழுவுக்கு வெறும் ஒலி. இன்னொரு குழுவுக்கு சேனல் போட்ட அதே வரி திரையில். வரியைப் பார்த்தவர்கள் அனேகமாக எல்லோரும், “கொலை பண்ணச் சொல்றான்” என்றார்கள், தயங்காமல். வெறும் ஒலியைக் கேட்டவர்கள் இழுத்தார்கள். மண்டிக்காரர் ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு என்னிடமே கேட்டார்:

“போடச் சொல்றாரு, சரி. எதுல போடச் சொல்றாரு? லாரிலயா?”

3. “உண்டா, இல்லையா?”

என் ரிப்போர்ட்டை ஜாமீன் மனுவோடு நாகரத்னா தாக்கல் செய்தார். நீதிபதி என்னை நேரில் வந்து விளக்கச் சொன்னார். அரசு வக்கீல் எழுந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“போட்டுடு அப்படீன்னா தமிழ்ல கொலை பண்ணுன்னு அர்த்தம் உண்டா, இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.”

“உண்டு” என்றேன்.

பின்பெஞ்சில் கலைவாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். நாகரத்னா ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு என்ன சொல்ல முடியும்? உண்டுதானே.

நீதிபதிதான் கேட்டார், கன்னடத்தில். “இந்தச் சொல்லுக்குக் கன்னடத்தில் சரியான சொல் எது?”

“‘ஹாக்பிடு’ யுவர் ஆனர். அதுலயும் ரெண்டு அர்த்தமும் உண்டு. ஆள வேலைல போடறதுக்கும் சொல்வோம், ரௌடிங்க பேச்சுலயும் வரும். ஃபைல்ல ‘முகிஸிபிடு’ன்னு எழுதினப்போ முதல் அர்த்தம் காணாமப் போயிடுச்சு. அவர் மனசுல எது இருந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. இந்த ஒரு வாக்கியத்த வெச்சு வேற யாரும் சொல்லவும் முடியாது.”

நீதிபதி ஃபைலில் இருந்த மொழிபெயர்ப்பை வாசித்தார். பிறகு மற்ற ரெக்கார்டிங்குகளில் சிலவற்றைப் போடச் சொன்னார். கோர்ட் ஹாலில் துரைராஜின் குரல், லேத்துக்கும் பேக்கிங்குக்கும் ஆள் போட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாவது, நான்காவது வரும்போது அரசு வக்கீலே லேசாகச் சிரித்துவிட்டார்.

இருவருக்கும் ஜாமீன் கிடைத்தது. இனி ஆடியோ சாட்சியத்தில் மொழிபெயர்ப்போடு மூல வார்த்தையையும் அப்படியே எழுதித் தர வேண்டும் என்று நீதிபதி ஒரு வரி சேர்த்தார்.

சில மாதம் கழித்து, போன் பறிக்கும் இருவர் வேறொரு கேஸில் சிக்கினார்கள். அடிபட்ட இரவு காணாமல் போன மஞ்சுநாத்தின் போன் அவர்களிடம் இருந்தது. துரைராஜ், பாபு பெயர்கள் கேஸிலிருந்து நீங்கின. சேனல் அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது, மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மஞ்சுநாத் குணமாகி வேலைக்குத் திரும்பினார். முதல் நாள் கம்பெனி வாசலிலேயே துரைராஜைக் கட்டிப்பிடித்து, “உங்களுக்கு என்னத் திட்டத்தான் தெரியும்னு போலீஸ்கிட்ட சொல்லிட்டேன் குரு” என்றாராம், கன்னடத்தில் நண்பனைக் கூப்பிடுவதுபோல். கலைவாணி போனில் சொன்னார். இந்த முறை சிரித்துக்கொண்டே அழுதார்.

4. சனிக்கிழமை வகுப்பு

அந்த உத்தரவுக்குப் பிறகு, ஸ்டேஷன்களில் மொழிபெயர்ப்பு எழுதுகிறவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடத்தச் சொல்லிப் போலீஸில் கேட்டார்கள். முதல் வகுப்பு முடிந்ததும், நடுவயது ஹெட் கான்ஸ்டபிள் ஒருவர் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தார். பெயர் சிவண்ணா. அத்திபெலேயில் பல வருடம் டியூட்டி பார்த்துத் தமிழ் கற்றவர்.

“மேடம், ‘முகிஸிபிடு’ நான் எழுதினது. டிவி பாத்துட்டுத்தான் எழுதினேன்.”

அவரை உட்காரச் சொன்னேன்.

“எழுதறப்போ ஒரு சின்ன டவுட் இருந்துச்சு. டவுட் வந்தா என்ன மேடம் எழுதறது?”

“டவுட் இருக்குன்னு எழுதுங்க. ரெண்டு அர்த்தத்தயும் எழுதுங்க.”

“அப்படி எழுதலாமா?” என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “எழுதலாம்னு யாரும் சொல்லவே இல்லியே மேடம்.”

இத்தனை வருட வேலையில் நான் கற்றதும் அவ்வளவுதான். பெரும்பாலான தவறுகள் கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. ‘தெரியவில்லை’ என்று எழுத இடம் இருக்கிறது என்று யாரும் சொல்லித் தராததால் நடக்கின்றன. அதைச் சொல்லித் தர முடியும். அடுத்த சனிக்கிழமை சிவண்ணா தன் ஸ்டேஷனிலிருந்து இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தார்.