மாமி வீட்டுக்குப் போன அரபு அழைப்புகள்

நாசர் இக்கா எங்கள் டிடிபி கடைக்குள் நுழைந்ததும் ஒரு விசிட்டிங் கார்டை என் கீபோர்டின் மேல் எறிந்தார். ஆயுர்வேத சிகிச்சைக்கு வரும் அரபு நாட்டுக்காரர்களுக்காகத் திருவனந்தபுரம் தம்பானூரில் லாட்ஜ் நடத்துபவர் அவர். அந்தக் கார்டை டிடிபி செய்தவள் நான்.

"மோளே, ரெண்டு கெஸ்ட் ஏர்போர்ட்ல காத்துக் கெடந்துட்டு வேற லாட்ஜுக்குப் போயிட்டாங்க. அரபுப் பக்கத்துல இருக்கற இந்த நம்பருக்கு ஒண்ணு விளிச்சு நோக்கு."

ஸ்பீக்கரில் போட்டு அழைத்தேன்.

"மறுபடியும் அரபிக்காரரா?" என்றது ஒரு பெண் குரல். "கோட்டைக்குள்ள அக்ரஹாரத்துல குடியிருக்கற மாமி நான். ரூம் ரூம்னா எங்க போவேன்?"

மன்னிப்புக் கேட்டு வைத்தேன். மலையாளப் பக்கத்தில் நம்பர் சரியாக இருந்தது. அரபுப் பக்கத்தில் அதன் இரண்டு பாதிகளும் இடம் மாறி நின்றன. அரபு வரி வலமிருந்து இடமாக ஓடும். நடுவில் இடைவெளி விட்ட நம்பரும் கூடவே ஓடிவிட்டது.

மறுநாள் இக்காவின் மச்சினர் ஒரு பெட்டி கார்டோடு துபாய்க்குப் பிளைட் ஏற வேண்டும். அழித்து அடித்தேன், மறுபடியும் மாறியது. வலது அம்பை அழுத்தினால் கர்சர் இடப்பக்கம் போனது.

"இதுக்கென்ன, வட்டு பிடிச்சிருக்கா, பைத்தியமா?" என்றார் இக்கா.

மறைந்திருக்கும் எழுத்துகளைக் காட்டும் ஆப்ஷனைப் போட்டேன். இடைவெளிகள் புள்ளிகளாகத் தெரிந்தன. நம்பருக்கு முன்னால், அது எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று சொல்லும் குறி எதுவும் இல்லை. 'இடமிருந்து வலம்' என்று சொல்லும் யூனிகோட் குறியை அங்கே செருகினேன். பாதிகள் இரண்டும் துள்ளித் தத்தம் இடத்துக்கு வந்தன.

"அதென்ன போட்டே?"

"ஒரு குறி, இக்கா. பிரிண்ட்ல தெரியாது."

"தெரியாதா?"

ஆப்ஷனை அணைத்துக் காட்டினேன். குறி மறைந்தது, நம்பர் அசையவில்லை. இக்கா திரைக்கருகே மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அப்ப ஒரு மூணெண்ணம் போட்டு வை மோளே. பிளைட்ல ஒண்ணு உதிர்ந்து போனாலும் பாக்கி இருக்குமே."

மூன்று போட்டேன். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

முதல் பிரிண்ட்டைப் பார்த்து நம்பரை அழுத்தினேன். என் எதிரில் நின்ற இக்காவின் சட்டைப்பையில் மணி அடித்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, "ஹலோ, லாட்ஜ்" என்றார் மரியாதையாக.

அன்றிலிருந்து எந்த மொழிக் கார்டானாலும் பிரிண்ட்டைப் பார்த்து அழைத்துப் பேசிய பிறகுதான் அச்சுக்கு விடுகிறேன். திரையில் பார்ப்பதை நம்புவதில்லை.

மாமிக்கும் போன் செய்து, கார்டில் நம்பரைத் திருத்திவிட்டோம், இனி தொந்தரவு குறைந்துவிடும் என்றேன்.

"அப்படியா? கூப்பிட்ட அரபிக்காரங்கள்ல இங்கிலீஷ் பேசற ஒருத்தர், வெள்ளிக்கிழமை பேரீச்சம்பழம் கொண்டுவரேன்னாரே. அவர்கிட்ட மட்டும் பழைய கார்டே இருக்கட்டுமே."