டொக்டர் சொன்னாச் சரி

எங்கள் தீவில் நோயாளரை அக்கரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றும் படகு எங்கே நிற்க வேண்டும் என்று முடிவெடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். முப்பது வருடம் படகு ஓட்டியவன் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். படகு அதுவரை பெரிய துறையில் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலுள்ள தெற்குத் துறைக்கு அதை மாற்றினால் நோயாளி ரோட்டில் குலுங்கும் நேரம் மிச்சம் என்றார் புதிதாக வந்த டொக்டர். இளம் பெண், நல்ல பிள்ளை. "எனக்குக் கடல் தெரியாது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ" என்று இரண்டு தரம் கேட்டார்.

வைகாசியில் தெற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்று தொடங்கினால் தெற்குத் துறையில் படகைக் கரையோடு அணைக்கவே முடியாது. அது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் டொக்டருக்கு மறுத்துப் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. மருந்துத் துண்டைக்கூட எழுந்து நின்றுதான் வாங்குவோம். "டொக்டர் சொன்னாச் சரிதான்" என்றார் கோயில் ஐயர். நானும் தலையாட்டினேன். வெட்கக்கேடு என்னவென்றால், வாசலுக்கு வந்ததும் எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது. "வைகாசி வரட்டும், அவவுக்குத் தெரியும்" என்று சிரித்தவன் நான்தான்.

வைகாசியும் வந்தது. ஒருநாள் காலை பத்து மணிக்கு, மீன் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி ஒரு பக்கமாகச் சரிந்தாள். பாரிசவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து தெற்குத் துறைக்குக் கொண்டுபோனோம். படகு அலையில் அடிபட்டுக்கொண்டிருந்தது. கிட்ட அணைக்க முடியவில்லை. திரும்பவும் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் கிடத்திப் பெரிய துறைக்குப் போய், ஒரு மீன்பிடி வள்ளக்காரரைக் கெஞ்சி, அக்கரை சேர மத்தியானமாகிவிட்டது. உயிர் தப்பினாள். பேச்சுத் திரும்பவில்லை.

பிறகு டொக்டர் வீடு தேடி வந்தார்.

"சோழகத்துக்கு அந்தத் துறை சரிவராது எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ, ஐயா?"

"ஓம்."

"நான் கேட்டனான் எல்லே?"

"நீங்கள் டொக்டர்..." என்றேன். அவர் அழுதார். எனக்கு அதுகூட வரவில்லை.

அடுத்த கிழமை, கூட்டத்தில் இருந்த அதே ஆட்கள் டொக்டரை மாற்றச் சொல்லி மனு எழுதிக்கொண்டு வந்தார்கள். ஊராரைக் கேளாமல் முடிவெடுத்தவர் என்று அதில் எழுதியிருந்தது.

"உம்மடை மனிசிக்கு நடந்தது. நீர்தான் முதல்ல கையெழுத்து வைக்கோணும்" என்றார் ஐயர்.

மனைவி கதிரையில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேனையை வாங்கி, முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தேன்.