சாப்பாட்டுத் தட்டைச் சுற்றிப் போட்ட கையெழுத்துகள்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மேடைகளில் என்னைக் 'கல்லூரிக் காலத்திலேயே தடியடி பட்ட போராளி' என்று அறிமுகப்படுத்துவார்கள். நானும் முழங்கால் தழும்பைத் தடவிக்கொண்டே அடக்கமாகச் சிரிப்பேன். அந்தத் தழும்பு, போலீஸ் வேனைப் பார்த்ததும் கல்லூரிச் சுவரேறிக் குதித்தபோது வந்தது. தடி என்மேல் படவே இல்லை. படுகிற தூரத்தில் நான் இல்லை. போன மாதம் கிளியனூரில் ஒரு கல்யாண வரவேற்பில் இதே பொய்யை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. மரக்காணத்திலிருந்து மீனா. "சார், அம்மா போயிட்டாங்க." கையில் மைக் இருந்தது. கூட்டம் அடுத்த ஜோக்குக்குக் காத்திருந்தது. மைக்கைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

மீனாவின் அம்மா சரோஜா அக்காவை உங்களில் பலர் உப்பளத்தில் கூடை தூக்கியவராக அறிவீர்கள். பிற்பாடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்தவராக அறிவீர்கள். அவர் ரங்கூனில் பிறந்து, அங்கே பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். ராணுவ ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கிய வருஷம் அவருக்கு இருபது வயது. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு மலைவழியே நடந்து, மணிப்பூர் எல்லையைத் தாண்டி, ரயில் மாறி மாறி இங்கே மரக்காணத்தில் சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்து ஏழெட்டு வருஷம் கழித்து, ஊரில் இதை முதலில் மோப்பம் பிடித்தவன் நான்தான். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு வம்பளப்பதையே வேலையாக வைத்திருந்த காலம். நேரே உப்பளத்துக்கே போய் நின்றேன்.

"அக்கா, மிலிட்டரிய எதிர்த்து சண்டை போட்டீங்களாமே?"

"யாரு சொன்னா? நான் கஞ்சிதான் காய்ச்சினேன்."

"கஞ்சியா?"

"போஸ்டர் ஒட்ட பசை வேணாமா? தினம் ரெண்டு அண்டா. முன்னாடி நின்னு பேசினவங்க பேரு எல்லாருக்கும் தெரியும். பசை காய்ச்சினவள எவனுக்கும் தெரியாது. அதான் உசுரோட இருக்கேன். நவுருப்பா, உப்ப மிதிக்கிற."

அந்தக் கோடையில் உப்பளப் பெண்கள் குடிதண்ணீர்த் தொட்டி கேட்டு மனு கொடுக்க முடிவு செய்தார்கள். மூன்று பக்கத்துக்கு 'கண்ணீரும் செந்நீரும்' கலந்து நான் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து என்றதும் எல்லோரும் பின்வாங்கினார்கள். முந்தைய வருஷம் இப்படி ஒரு மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவரை மறுநாளிலிருந்து வேலைக்குக் கூப்பிடவில்லை. "நீ போடுடி." "இன்னாத்துக்கு நானு? உனக்குதான் எழுத வரும், நீ போடு."

அக்கா தன் சாப்பாட்டுத் தட்டைக் கழுவித் துடைத்து, கடைசிப் பக்கத்தில் கவிழ்த்து, பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "சுத்திலும் போடுங்க. எங்க ஆரம்பிச்சுது, எங்க முடிஞ்சுதுன்னு எவனாலயும் சொல்ல முடியாது." ரங்கூனில் மாணவர்கள் அப்படித்தான் செய்தார்களாம். யோசனை யாருடையது என்று கேட்டேன். தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார். "முதல் மனுவ வரிசையாத்தான் எழுதினோம். கிளாஸ்ல என் பக்கத்துல உக்கார்ற பொண்ணு ஒருத்தி. கையெழுத்து அழகா இருக்கும்னு நாங்கதான் அவள முதல்ல போடச் சொன்னோம். ரெண்டாம் நாள் மிலிட்டரிக்காரங்க வந்து கூட்டினு போனாங்க. திரும்பி வரல. அப்புறந்தான் வட்டம்."

பெண்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். காகிதத்தில் ஒரு சூரியன் மாதிரி இருந்தது. அதன் நடுவில் வெற்றிடம். எனக்கு அது மேடையாகத் தெரிந்து தொலைத்தது. பெரிதாக என் பெயரைப் போட்டு, எம்.ஏ. என்றும் சேர்த்து, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன்.

மறுநாள் மேனேஜர் காகிதத்தோடு வந்தார். விரல் நேராக நடுவில் போய் நின்றது. "ஏம்பா, யாரு இந்த எம்.ஏ.?"

"சார், நான் எழுதித்தான் குடுத்தேன். வட்டம் போட்டது பர்மாக்கார அக்கா!"

காட்டிக்கொடுக்க எனக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை. பெண்கள் கூடையோடு திரும்பிப் பார்த்தார்கள். அக்கா காகிதம் எதுவும் இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் போலீசில் ஒரு வார்த்தை சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே ராணுவம் இருக்கிறது. அக்கா கூடையை இறக்கி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"நான்தாங்க. ஊரு ரங்கூன். பேப்பர் ஒண்ணும் கிடையாது. போலீசுல சொல்றதுன்னா சொல்லிக்கோங்க. அவங்க வர்றதுக்குள்ள தண்ணிக்கு ஒரு வழி சொல்லிடுங்க."

மேனேஜர் அவரைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார், காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். போலீஸ் வரவில்லை. எட்டாம் நாள் டிராக்டரில் தொட்டி வந்தது. அவ்வளவு நிமிர்ந்து ஒரு மனுஷி நின்றதை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். சிரித்தார். "அங்க அடிச்சு ஒதைச்சும் பேரு சொல்லாதவங்கள பாத்திருக்கேன். அடிக்கிறதுக்கு முன்னாடியே சொன்னவன் நீ ஒருத்தன்தான்பா."

சில வருஷம் முன்பு அவர் பிறந்த நாட்டில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. மாணவர்கள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். தையல் மிஷினை நிறுத்திவிட்டு அக்கா செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு பையன் கொடி பிடித்து முழங்கினான். அக்காவின் விரல் அவன்மேல் படவில்லை. ஓரத்தில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்ணைத் தொட்டது. "இந்தப் பொண்ணு பத்திரமா இருக்கணும்" என்றார். அன்று நானும் ஜோக் அடிக்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம்தான். எந்தக் கூட்டத்திலும் இப்போது முதலில் ஓரத்தைப் பார்க்கிறேன். யார் பசை காய்ச்சுகிறார்கள் என்று தேடுகிறேன். நடுவில் இடம் காலியாக இருந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். இதை வைத்துக் கட்டுரை எழுதப்போவதாகக் காரியத்தன்று மீனாவிடம் சொன்னேன். கையில் ஒரு காகிதமும் இல்லாமல் மேனேஜர் முன்னால் அவங்க அம்மா நின்ற கதையைக் மேடைக் குரலில் சொன்னேன்.

"பேப்பர் இல்லாமலா? எங்கம்மாவா?" என்று அவள் பெட்டியைத் திறந்தாள். "அது கைக்கு வராம அவங்க வாயே திறந்திருக்க மாட்டாங்க சார்."

அக்காவின் அப்பா இங்கே பக்கத்துப் பெருமுக்கல்காரர் என்பதை வைத்து வாங்கிய இந்தியக் குடியுரிமைச் சான்று; அது இருந்தால் யாரும் அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. அதிலிருந்த தேதி, நாங்கள் மனு எழுதிய நாளுக்கு இரண்டு வருஷம் முந்தியது.