ரன்வேயில் பிடிமண்

போன ஞாயிற்றுக்கிழமை என் பையின் ஜிப் போய்விட்டது. மாட்டுங்காவில் நாலு கடை ஏறி இறங்கினேன். எல்லோரும் புதிது வாங்கச் சொன்னார்கள். எனக்கா மனம் வரும்? தாராவியில் பை தைக்கும் சுடலைமுத்து அண்ணாச்சி இருக்கும்போது என்ன கவலை?

அண்ணாச்சி முகத்தில் களையே இல்லை. மேஜை மேல், மஞ்சள் துணியில், ஒரு கான்கிரீட் துண்டு. அதற்குக் குங்குமம் வேறு!

“என்ன அண்ணாச்சி, பில்டருக்குப் பூஜையா?” என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

“பிடிமண்ணு சார்” என்றார்.

என் சிரிப்பு அடங்கிவிட்டது. குலசாமியைப் புது இடத்தில் வைக்க வேண்டுமென்றால், மூலக்கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வரவேண்டும். மண் வந்தால்தான் சாமி வரும். அண்ணாச்சியின் சந்தில் உள்ள சுடலைமாடன் பீடத்தை இடிக்கப் போகிறார்கள் – வீடுகளையும் இடித்து அடுக்குமாடி கட்டும் ரீடெவலப்மென்ட். அதனால் ஊருக்கு ரயிலேறிப் போய் வந்திருக்கிறார்.

ஆனால் மூலக்கோயில் எங்கே?

திருநெல்வேலிப் பக்கம், கரிசல் காட்டில், உலகப் போர்க் காலத்து ராணுவ விமானத் தளம் ஒன்று. பருத்தி விளைந்த நிலம், சாமி இருந்த வேப்பமரத்தடி... எல்லாவற்றையும் மட்டம் தட்டி ரன்வே போட்டது வெள்ளைக்கார சர்க்கார். சண்டை முடிந்ததும் திரும்பி வந்துவிடலாம் என்றார்களாம். அண்ணாச்சியின் தாத்தா பீடத்தடியிலிருந்து ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு பம்பாய்க்கு வந்தார். சண்டை முடிந்தது. விமானங்கள் போயின. ரன்வே போகவில்லை. இப்போது அதில் இறங்குவது மிளகாய் வற்றல்தான் – காய்வதற்கு.

“சாமி இருந்த எடம் குத்துமதிப்பாத் தெரியும் சார். தோண்டலாம்னு பாத்தா பூராவும் காங்கிரீட்டுல்லா?”

விரிசல் ஓரத்தில் பெயர்ந்து கிடந்த துண்டை எடுத்து வந்துவிட்டார். பாவம், வேறென்ன செய்வார்?

சாமி காரியத்தில் அந்த வீட்டில் அவருடைய அக்கா இசக்கியம்மாள் வைத்ததுதான் சட்டம். அப்போது அவரும் கடைக்கு வந்தார். கான்கிரீட்டைத் தொடக்கூட இல்லை. ஊரில் இல்லாத மண், தாத்தா கொண்டு வந்த மண், இங்கே நம் பீடத்துக்கு அடியில்தான் இருக்கிறது, டைல்ஸைப் பெயர்த்து அதையே எடு என்றார்.

நானும் கூடப் போனேன். டைல்ஸுக்கு அடியில் தாராவியின் ஈர மண். அதில் தாத்தாவின் கரிசல் எது? யாருக்குத் தெரியும்? அக்கா ஒரு பிடி அள்ளினார். பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது.

கொஞ்ச காலம் வாடகை வீடுதானே, கட்டி முடிந்ததும் திரும்பி வந்துவிடலாமே என்று தேற்றினேன்.

அக்கா முந்தானையில் மண்ணை முடிந்தார்.

“எங்க தாத்தாட்டயும் இதத்தான் தம்பி சொன்னாவ.”

எங்கே கிளம்பினாலும் ‘போயிட்டு வாரேன்’ என்பதுதானே நம் வழக்கம்? பெயர்ந்து கிடந்த அந்த இடத்தைப் பார்த்து அக்கா அதைச் சொல்லவில்லை.