எரிச்சல்: மிக அதிகம்

என் அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். இப்போதும் என் மகன் சாப்பிட அடம்பிடித்தால் போனிலேயே அவனை ஒரு வழி பண்ணிவிடுவாள். அவன் என்னிடம் வந்து முறையிடுவான். அந்த வாயைப் பற்றி என்னிடம் முறையிட்டுப் பயனில்லை. அந்த வாய்தான் ஒரு முறை அவளைக் காப்பாற்றியது, அதற்கு நானே சாட்சி.

அப்போது நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். ஒரகடத்தை ஒட்டிய எங்கள் ஊரில் வயல்களை வளைத்துக் கம்பெனிகள் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தன. அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை, பெயின்ட் அடிக்கும் பகுதியில். அந்த வருடம் அம்மாவின் மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது, பிறகு ஊசி மருந்து ஏற்றினார்கள், முடியெல்லாம் கொட்டி முளைத்தது. கடைசியாக மிச்சமிருந்தது கரண்ட்.

எங்கள் பக்கத்தில் அதற்கு அதுதான் பேர். "புத்துநோய்க்குக் கரண்ட்டு வெக்கிறாங்க" என்பார்கள். அம்மாவுக்குள் தினமும் மின்சாரத்தை ஏற்றி அனுப்புகிறார்கள் என்று நான் நம்பினேன். ஊரில் பவர்கட் ஆகும்போதெல்லாம் பயம் வரும், ஆஸ்பத்திரியிலும் போயிருக்குமோ என்று. ஈரக் கையோடு அம்மாவைத் தொடக் கூடாது என்று ஒரு விதியும் வைத்துக்கொண்டிருந்தேன். அது கரண்ட் இல்லை, கதிர்வீச்சு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு ஷிப்டு, எனக்கு முழுப்பரீட்சை லீவு. ஆகவே துணைக்கு நான்தான் போனேன். படப்பை, தாம்பரம் வழியாகப் பஸ் மாறி மாறிச் சென்னைக்குப் போய், அம்மா உள்ளே சில நிமிடங்கள் படுத்துவிட்டு வருவதற்கு அரை நாள் போய்விடும். மார்பில் மையால் கோடு போட்டிருந்தார்கள், அது அழியக் கூடாது. சோப்பு கூடாது, பவுடர் கூடாது, இறுக்கமாக எதுவும் போடக் கூடாது. வீட்டில் அம்மா அப்பாவின் பழைய கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடமாடினாள். எங்கள் தெருவில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு சோறு வடித்த ஒரே பெண் அவள்தான்.

நாளாக ஆக அவளுடைய வாய் அதிகமாயிற்று. தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைத்தால் திட்டு, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தால் திட்டு. "எங்கிட்ட வந்து ஒரசிக்கினே இருந்தே, தோல உரிச்சிடுவேன்." "கை நமநமன்னு கீது, வாங்கிக் கட்டிக்காத." அப்பாவுக்கும் பங்கு கிடைத்தது. அவர் பாவம், ராத்திரி சாப்பிடும்போது தயங்கித் தயங்கிக் கேட்பார்.

"இன்னாடி, தோலு கீலு ஏதாச்சும்…"

"ஒண்ணும் இல்ல. நீ துன்னு."

டியூப்லைட் வெளிச்சத்தில் கார்க் கதவைச் சாய்த்துப் பார்த்து, மயிரிழை அளவு கீறலைக்கூடக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் அப்பாவின் வேலை. வீட்டில் அவர் தலையை நிமிர்த்தாமல் தின்றுவிட்டுப் போனார்.

அம்மா ஏன் ஒன்றும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதற்குக் காரணம் இருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்கள் பக்கத்தில் தினமும் உட்காரும் மறைமலை நகர் அக்கா ஒருத்தி, குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தாள்.

"தோலு வெந்துபோச்சின்னு மட்டும் சொல்லிடாத. கரண்ட்ட நிறுத்திடுவாங்கோ. பாதியில நிறுத்துனா பழையபடி வந்துடும். எங்க தெருவுல ஒருத்திக்கு அப்பிடித்தான் ஆச்சி."

அன்று பஸ்ஸில் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எப்படியாவது முழுசா முடிச்சிடணும்" என்றாள். என்னிடம் சொன்னாளா, ஜன்னலிடம் சொன்னாளா தெரியாது. எனக்கும் அதுவே பெரிய வேண்டுதலாயிற்று. முடிக்காவிட்டால் அம்மா செத்துப்போவாள் என்பது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுப்பார்கள். நோயாளியே படித்து டிக் போட்டுத் தர வேண்டும். மற்ற வாரங்களில் அம்மா அதை வாங்கியதும் மடமடவென்று 'இல்லை, இல்லை, இல்லை' என்று போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அந்த வாரம் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"எழுத்து பொடிப்பொடியா கீது பாப்பா, கண்ணுக்கே தெரியல. நீ படிச்சி டிக்கு போடு."

"இன்னா போடறது?"

"உனக்குத் தெரிஞ்சத போடு."

எனக்குத் தலைகால் புரியவில்லை, பெருமையில்தான். தலைப்பில் 'பக்கவிளைவுகள் பற்றிய சுய மதிப்பீடு' என்று இருந்தது. பக்கவிளைவு புரியவில்லை. மதிப்பீடு புரிந்தது. எங்கள் பள்ளியில் ரேங்க் கார்டில் நடத்தைக்கு ஒரு கட்டம் உண்டு. இது அம்மாக்களுக்கான ரேங்க் கார்டு என்று முடிவு செய்தேன்.

'கடந்த ஒரு வாரத்தில் உங்களுக்கு எரிச்சல் இருந்ததா?' என்பது முதல் கேள்வி. இருந்ததாவா? எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாளே. 'மிக அதிகம்' என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் போட்டேன். 'சிவத்தல்?' கோபத்தில் மூக்கு சிவந்துவிடும், அதிகம். 'நமைச்சல்?' கை நமநமக்கிறது என்று அவளே சொன்னது, மிக அதிகம். 'தோல் உரிதல்?' இதற்கு யோசிக்கவே இல்லை. தினமும்தானே உரிக்கிறேன் என்கிறாள். உரிதலுக்கும் உரித்தலுக்கும் ஓர் ஒற்றெழுத்துதான் வித்தியாசம், நான் தமிழில் பாஸ் பண்ணியதே பெரிய விஷயம். 'வலி?' அதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. 'இல்லை' என்று போட்டேன்.

போட்ட பிறகுதான், பெற்ற தாயை இப்படியா பெயிலாக்குவது என்று தோன்றியது. அதற்குள் அம்மா தாளை வாங்கிவிட்டாள். அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். எழுத்து தெரியாததால் அப்படிப் பார்க்கிறாள் என்று நினைத்து எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பிறகு தாளை மடித்து, எழுந்து போய், நர்சிடம் கொடுத்தாள்.

நர்ஸ் தென்பக்கத்துக்காரர். படித்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏக்கா, போன வாரம் வரைக்கும் எல்லாத்துக்கும் இல்லன்னுல்லா போட்டிருந்திய? இந்த வாரம் இப்படிப் போட்டிருக்கிய? உள்ள வாங்க, டாக்டர் பாக்கட்டும்."

ரேங்க் கார்டில் மார்க் குறைந்தால் ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குக் கூப்பிடுவார்கள், எனக்குத் தெரியும். பச்சைத் திரைக்கு வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். சட்டைத் துணி ஒட்டிக்கொண்டு பிரிவதைப் போல ஒரு சத்தம், அம்மா மூச்சை இழுப்பது, பிறகு டாக்டரம்மாவின் குரல்.

"என்னம்மா இது, மார்புக்கு அடியில தோலே இல்லையே. இதோடயா தினம் பஸ்ல வந்தீங்க?"

அம்மா அழுதாள். அவள் அழுது நான் கேட்டது அதுவே முதல் தடவை.

"நிறுத்திடாதீங்க மேடம். எனக்கு ஒரே பொண்ணு கீது. நான் தாங்கிக்கிறேன், நிறுத்திடாதீங்க."

"யாரு நிறுத்தறாங்க? இது நிறைய பேருக்கு வர்றதுதான். மருந்து போட்டு நாலஞ்சு நாள் ஆற விடுவோம், திரும்ப ஆரம்பிச்சு முழுசா முடிப்போம். சொல்லாம வச்சிருந்து சீழ் புடிச்சிருந்தாதான் ரொம்ப நாள் நிறுத்த வேண்டியிருக்கும். நல்ல வேளை, போட்டுக் குடுத்தீங்க."

அதன் பிறகு அழுகைச் சத்தம் இல்லை. அம்மா வெளியே வந்தபோது விரல்களில் ஊதா மருந்து அப்பியிருந்தது, முகம் கழுவி விட்டதைப் போல இருந்தது. மறைமலை நகர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு ஏதோ சொன்னாள். அந்த அக்கா எழுந்து தாள் வாங்கப் போனாள்.

பஸ்ஸில் என்னால் தாங்க முடியவில்லை. எரிச்சல் என்றால் கோபம் என்று நினைத்துத்தான் போட்டேன், தோலை உரிக்கிறேன் என்று சொல்வதால்தான் டிக் போட்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா சிரித்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். மருந்து போட்ட பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, மறுபக்கத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கரண்ட் நிற்கப்போவதில்லை, உதையும் இல்லை.

கண்டக்டர் டிக்கெட் கொடுத்தார். அம்மா அதைக் கண்ணுக்கு எதிரே பிடித்து, அடியில் எறும்பைவிடச் சின்னதாக அச்சாகியிருந்த வரியைத் தடங்கலே இல்லாமல் வாசித்தாள். "பரிசோதகர் கேட்கும்போது காண்பிக்கவும்." வாசித்துவிட்டு இன்னும் ஒரு முறை சிரித்தாள்.

"பாத்தியா, கேட்டா காட்டிடணுமாம்."

காலையில் பொடி எழுத்து தெரியவில்லை என்ற கண்ணுக்கு இது மட்டும் எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. செக்கிங் வரப்போகிறது என்று நினைத்து, டிக்கெட்டை அவளிடமிருந்து வாங்கி, வீடு வரும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.